பிஞ்சு உயிர்களைப் பறித்த காமாலையின் காரணத்தைத் தேடியவர்: பேராசிரியர் வோங் ஹொக் பூன்

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம் சமூகத்தில் ஏராளம். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஆக அதிகமான பிரசவங்கள் நடந்த மருத்துவமனை என்று அது பெயர் பெற்றது.

அக்காலத்துச் சிங்கப்பூரில் ஒரு சோகம் அடிக்கடி நேர்ந்தது. சுகப்பிரசவத்தில் பிறந்து, நலமாக வீடு திரும்பிய குழந்தை சில நாள்களில் மஞ்சளாகும். பால் குடிக்காது, உடல் வில்லாக வளையும். காமாலைக்குக் காரணமான பிலிருபின் மூளைவரை சென்று படியும் ‘கெர்னிக்டெரஸ்’ பாதிப்பு அது. பல குழந்தைகள் இறந்தன. பிழைத்தவற்றிலும் சில, காது கேளாமலோ கைகால் இயங்காமலோ வளர்ந்தன.

இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் வோங் ஹொக் பூன். சிங்கப்பூரின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் அவர்.

யாருக்கு மட்டும் பாதிப்பு?

மேலை நாடுகளில் இத்தகைய காமாலைக்குத் தாய், சேய் இருவரின் ரத்த வகை ஒத்துப்போகாததே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. சிங்கப்பூர்க் குழந்தைகள் பலரிடம் அந்தக் காரணம் பொருந்தவில்லை.

இதற்கிடையே 1956ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். மலேரியாவுக்குத் தரப்படும் பிரைமாகுயின் மாத்திரை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால், சிவப்பணுக்களைக் காக்கும் ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதே மாத்திரை சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். 1960ல் சிங்கப்பூரில் பணியாற்றிய ஸ்மித், வெல்லா எனும் இரு மருத்துவ ஆய்வாளர்கள், காரணம் புரியாத காமாலைக்கு ஆளான குழந்தைகளிடமும் அதே குறைபாடு இருப்பதைக் கண்டனர்.

1960களில் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்ற வோங், இந்த ஆய்வை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு சென்றார். குறைபாடு உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கடும் காமாலை வரவில்லை. அப்படியானால், சிலருக்கு மட்டும் அதைத் தூண்டிவிடுவது எது என்ற கேள்வி எழுந்தது.

விடை வீடுகளில் இருந்தது. துணிகளுக்கு இடையே போட்டுவைக்கும் ரசக்கற்பூர உருண்டை, அதாவது நாஃப்தலின், ஒரு காரணமாகத் தெரிந்தது. பிறந்த குழந்தையின் உடலிலுள்ள நஞ்சை நீக்கும் என்ற நம்பிக்கையில் சீனக் குடும்பங்கள் புகட்டிய கசப்பு மூலிகைகள் மீதும் சந்தேகம் விழுந்தது.

மூலிகையைக் குற்றம் சொல்வது எளிதாக இருக்கவில்லை. பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தது அது. குடித்த குழந்தைகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. குறைபாடு உள்ள குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் ஆபத்து கண்ணில் பட்டது.

ஒரு சொட்டு ரத்தம்

காரணம் முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திருக்க நேரமில்லை. 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை நாடளவில் நடைமுறைக்கு வந்தது. உலகில் இதை முதலில் செய்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. குறைபாடு தெரியவந்த குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்படாமல் 2, 3 வாரம் மருத்துவமனையிலேயே கண்காணிக்கப்பட்டனர். பிலிருபின் அளவு ஏறினால் உடனே சிகிச்சை கிடைத்தது. ரசக்கற்பூரமும் மூலிகையும் அண்டவில்லை.

ஒருகாலத்தில் குடும்பங்களைக் கலங்கடித்த கெர்னிக்டெரஸ் பெரிதும் குறைந்து, பின்னர் மிக அரிதாகிவிட்டது.

மருத்துவர்கள் விடுத்த எச்சரிக்கைகளைத் தொடர்ந்து, 1978ல் பெர்பெரின் என்ற வேதிப்பொருளும் அது அடங்கிய ‘ஹுவாங் லியான்’ போன்ற மூலிகைகளும் தடை செய்யப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து, சுகாதார அறிவியல் ஆணையம் சான்றுகளை மறுபரிசீலனை செய்தது. 2013ல் பெர்பெரின் அடங்கிய சீன மருந்துகளுக்கும், 2016ல் மூலிகைகளுக்கும் தடை நீக்கப்பட்டது. இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை உள்ளதால், ஆபத்து யாருக்கு என்று முன்கூட்டியே தெரிகிறது. ஒட்டுமொத்தத் தடைக்குப் பதிலாக உரியவர்களை எச்சரித்தாலே போதும் என்ற நிலை உருவாகியுள்ளது.

பேராசிரியர் வோங் 2002ல் காலமானார். அவரிடம் பயின்றவர்கள் பலர் குழந்தை மருத்துவத்தில் முன்னணிக்கு வந்தனர். தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அவர் பெயரில் ஒரு சங்கமும் இயங்குகிறது.

நம் வீடுகளுக்கும் பொருந்தும்

ஜி6பிடி குறைபாடு சீன, மலாய் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்தியர்களிடம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. குறைபாடுள்ள குழந்தைக்கு ரசக்கற்பூரம் மட்டுமன்றி, மருதாணி பூசுவதும் ஆபத்தாக முடியலாம் என மருத்துவ அறிக்கைகள் கூறுகின்றன. பீரோவில் பல மாதம் கிடந்த பட்டுத்துணியில் குழந்தையைச் சுற்றுவதற்கு முன்பும், உரைமருந்தோ நாட்டு மருந்தோ புகட்டுவதற்கு முன்பும், குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் ஜி6பிடி முடிவு என்னவென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. குடித்தும் வளராமல் போன குழந்தை எது, ஏன் என்று வோங் தலைமுறை மருத்துவர்கள் தேடிச் சென்றார்கள். அதன் பலன், இன்று ஒவ்வொரு குழந்தையின் கையேட்டிலும் ஒரு வரியாக இருக்கிறது.