ஜீனோவைப் படைத்த பொறியாளர்

பெங்களூரின் வடமேற்கே ஜாலஹள்ளி என்றோர் இடம் உண்டு. 1954-ஆம் ஆண்டு தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அவ்வழியே பஸ்ஸில் போகாத மாணவர் நம் மன்றத்தில் இரார். நாட்டின் படைகளுக்கு வேண்டிய ரேடார் கருவிகளும் செய்தித்தொடர்புக் கருவிகளும் செய்யப்படும் அவ்விடத்தில் கதைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும் தமிழில் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட ஓர் அறிவியல் தொடர்கதை, அத்தொழிற்சாலையின் பொறியாளர் ஒருவர் அலுவல் போக எஞ்சிய நேரத்தில் எழுதியதேயாகும். அவர் பெயர் எஸ். ரங்கராஜன். தமிழர் அறிந்த பெயர் சுஜாதா.

1935-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டியின் நிழலில். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் படித்தார்; அந்நாளில் அப்துல் கலாமும் அதே கல்லூரி மாணவர். பின்பு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். படிப்பு முடிந்ததும் சிறிது காலம் வானொலி நிலையத்தில் இருந்துவிட்டு, விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்து தில்லி சென்றார். வானத்தில் வரும் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் பணி. அதன்பிறகே பெங்களூர் வாசம்.

கல்லூரிப் பருவத்திலேயே, 1953-இல், அவருடைய முதல் கதை ‘சிவாஜி’ இதழில் வந்தது. 1962-இல் குமுதத்தில் ஒரு கதை. அவ்விதழில் ரா. கி. ரங்கராஜன் என்ற பெயர்பெற்ற எழுத்தாளர் முன்பே இருந்தமையால், இரண்டு ரங்கராஜன்கள் குழப்பம் தருவார்களே என்று மனைவியின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். 1968-இல் ‘நைலான் கயிறு’ தொடராக வந்தபோது வாசகர் பலர், எழுதுகிறவர் ஒரு பெண் என்றே எண்ணியிருந்தால் வியப்பில்லை.

தொடர்கதை எழுதும் தொழிலைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பொறியாளன் ஒரு கருவியைச் செய்யும்போது முதலில் வரைபடம் இடுகிறான், மாதிரி செய்கிறான், பழுது கண்டால் பிரிக்கிறான், சோதனை தேறிய பின்னரே தொழிற்சாலை வாயிலைத் தாண்ட விடுகிறான். தொடர்கதை எழுதுகிறவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூன்றாம் அத்தியாயம் கடையில் தொங்கும்போது ஐந்தாம் அத்தியாயம் அவன் மேசைமீது பாதியில் கிடக்கும். இருபதாம் வாரத்தில் ஒரு பாத்திரம் தடையாய் நின்றால், இரண்டாம் வாரத்துக்குத் திரும்பிப்போய் அதை அழிக்க முடியாது. அதைப் படித்துவிட்டவர் இலட்சக்கணக்கானோர். அச்சகமோ காத்திராது. பகலில் ஒரு முறையிலும் இரவில் அதற்கு நேர்மாறான முறையிலும் உழைத்த மனிதர் இவர். அதுவும் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இதழ்களில்!

தொடங்கியதை முடிக்க முடியாமற்போன அனுபவமும் அவருக்கு உண்டு. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் களமாகக் கொண்டு ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற தொடரை 1980-களின் முற்பகுதியில் குமுதத்தில் தொடங்கினார். தம் சமூகத்தைக் குறைத்து எழுதிவிட்டார் என்று ஒரு சாரார் கொதித்தெழ, மிரட்டல்கள் வர, சில வாரங்களிலேயே தொடர் நின்றது. பெரும்பாலோர் அத்துடன் கைவிட்டிருப்பர். அவர் கதையை மாற்றி அமைத்து, ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று மறுபடி எழுதி முடித்தார்.

அறிவியல் புனைகதை அவருக்குப் புதிதன்று. கணிப்பொறியின் ஆட்சிக்கு மக்கள் அடங்கி நடக்கும் ஒரு தீவைப் பற்றி, ‘சொர்க்கத் தீவு’ என்னும் நாவலை முன்பே எழுதியிருந்தார். கணிப்பொறியை நம்மவரில் பலர் படத்தில்கூடக் கண்டிராத காலம் அது. ‘கொலையுதிர் காலம்’ தொடரில், பேயென்று அஞ்சப்படும் உருவம் லேசர் ஒளியால் எழுப்பப்படும் ஹோலோகிராம் ஆகலாம் என்று காட்டினார். காட்டிவிட்டு, அதுதானா என்ற ஐயத்தையும் மிச்சம் வைத்தார். அந்த ஒளியுருவம் அவரை விட்டு நீங்கவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது.

1980-களின் பிற்பாதியில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ வந்தது. கதை நடக்கும் ஆண்டு 2021. (அந்த ஆண்டை நாம் கடந்தே வந்துவிட்டோம், அவர் காட்டிய நாட்டையும் நாம் கண்ட நாட்டையும் ஒப்பிட்டு ஒரு மாலை முழுதும் வாதிடலாம்.) நாட்டை ஆள்பவர் ஜீவா என்ற ஒற்றைத் தலைவர். குடிமக்களின் பெயர்கள் சுருங்கிவிட்டன: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் காணாமற்போகிறான். அவள் வீட்டில் குடிவந்து சேர்கிறான் ரவி, ஓர் இயந்திர நாயுடன். அந்த நாய்தான் ஜீனோ.

ஜீனோ புத்தகம் படிக்கும்; குத்தலாகப் பேசும்; மனிதர்கள் திகைத்து நிற்கும் இடத்தில் வழி சொல்லும். நாளடைவில் அதற்குத் தன்னுணர்வு போன்ற ஒன்று முளைத்துவிடுகிறது. இயந்திரம் என்றாலே அரக்கன் அல்லது அடிமை என்று எழுதிவந்த நாட்டில், இயந்திரத்தை வீட்டில் ஒரு பிள்ளைபோல் உலவவிட்டதுதான் இந்நாவலின் உயிர். அறிவியலை விளக்க அவர் நின்று பாடம் நடத்தவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். கடினமான கருத்துகள் எல்லாம் ஜீனோவின் வாய்ப்பேச்சில் கரைந்துவிடுகின்றன. கலைச்சொல் இல்லை, ஆகவே தமிழில் எழுத இயலாது என்று நம்மில் பலர் ஆய்வுக்கூடத்தில் சாக்குச் சொல்கிறோமே, அவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

கதை எங்ஙனம் முடிகிறது? மக்கள் வழிபட்ட ஜீவா ஒரு மனிதனே அல்லன், வெறும் ஒளியுருவம் என்பது வெளிப்படுகிறது. சாதாரணத் தொடர்கதை அங்கே மங்களம் பாடியிருக்கும். சுஜாதாவோ ஆட்சியை மக்களிடம் தரவில்லை. பொய்யை உடைத்தவர்களே நிலாவை அரியணையில் ஏற்றி, அவளைப் பொம்மையாக்கி ஆளத் தொடங்குகிறார்கள். ஒரு பொய்யின் இடத்தில் மற்றொரு பொய்! முடிவு முடிவாக இல்லை. ஆகவே ‘மீண்டும் ஜீனோ’ பிறந்தது. அதில் நிலாவுக்குத் துணை அந்த நாய்தான்.

அமெரிக்காவின் ஐசக் அசிமோவுக்கும் இத்தகைய நிலை நேர்ந்ததுண்டு. ‘ஃபவுண்டேஷன்’ வரிசையை அவர் 1940-களில் இதழ்க்கதைகளாக எழுதினார். அவை 1953-க்குள் மூன்று நூல்களாயின. அடுத்த நூல் வந்தது 1982-இல். பதிப்பாளரும் வாசகரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நச்சரித்த பயன் அது. அசிமோவ் 1958-இல் கல்லூரி வகுப்பறையை விட்டு முழுநேரமும் எழுத வந்துவிட்டார். ஜாலஹள்ளிப் பொறியாளர் வேலையை விடவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். முப்பது ஆண்டு காத்திருக்கத் தமிழ் வாசகரும் ஆயத்தமாக இல்லை. அவசரத்தின் தழும்புகள் அவருடைய நாவல்கள் பலவற்றில் உண்டு. தொடக்கம் மின்னலாயிருக்கும், இறுதி அத்தியாயங்களில் மூச்சு வாங்கும். ‘மீண்டும் ஜீனோ’வும் முதல் நூலின் இறுக்கத்தை எட்டவில்லை என்பதே என் கருத்து. ஆனால் அவர் ஓய்வாக எழுதலாம் என்று காத்திருந்தால் ஜீனோ நமக்குக் கிடைத்திருக்குமா?

அந்த அலுவலகத்தில் அவர் செய்த வேலைதான் என்ன? மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உருவாக்கிய பணியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அத்தகைய இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைத் தள்ளியது. 1988-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுதும் இயந்திரத்திலேயே வாக்களித்தது. இப்போது ஆண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். நீதிமன்றம் தடுத்ததற்கும் நாடு முழுதும் இயந்திரத்தை ஏற்றதற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஜீவாவின் நாடு எழுதப்பட்டது. பகலில் குடிமகனின் விருப்பத்தைப் பிசகாமல் எண்ணும் பெட்டிக்காக உழைத்தவர், இரவில் குடிமகனின் விருப்பத்தை எவரும் கேளாத ஒரு நாட்டை எழுதினார். இயந்திரத்தை அவர் அஞ்சவில்லை. இயந்திரத்தின் பின்னால் நிற்பவன் யார் என்றே கேட்டார்.

இத்தனைக்கும் நடுவே ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் இலக்கியம் பேசினார்; ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கும் விடை சொன்னார். அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றமைக்காக 1993-இல் தேசிய விருது பெற்றார். ஓய்வுபெற்றதும் சென்னை திரும்பி, சிறிது காலம் குமுதத்தின் ஆசிரியராயிருந்தார். திரைப்படத்துறை அவரை முழுதாக இழுத்துக்கொண்டது.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது 72. உணர்ச்சி முளைத்துவிட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றிய படமொன்றுக்கு உரையாடல் எழுதும் வேலை அப்போது அவர் கையில் இருந்தது. எஞ்சியதை இயக்குநர் ஷங்கரும் மதன் கார்க்கியும் எழுதி முடித்தார்கள். ‘எந்திரன்’ 2010-இல் வெளிவந்தது. உரையாடல் என்ற தலைப்பின்கீழ் அதில் மூன்று பெயர்கள் உள்ளன; சுஜாதா அவற்றுள் ஒன்று.