ஒளித்து வைத்துப் படித்த தேவதைக் கதைகள்

1916ஆம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் உள்ள லெதர்ஹெட் ரயில் நிலையம். அங்கிருந்த புத்தகக் கடையின் முன் 17 வயது இளையர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் சற்றே கசங்கிப்போன ஒரு மலிவுப் பதிப்பு. ஜார்ஜ் மெக்டொனால்ட் எழுதிய ‘ஃபேன்டஸ்டீஸ்’ என்னும் மாயக்கதை அது. அந்தப் புத்தகத்தை அதே கடையில் முன்பே பல முறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று என்ன தோன்றியதோ, வாங்கிவிட்டார். இரவே படிக்கத் தொடங்கினார். அடுத்த சில நாள்களில், நீயும் இதை உடனே வாங்க வேண்டும் என்று அயர்லாந்தில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த இளையர்தான் சி.எஸ். லூயிஸ். ‘நார்னியா’ கதைகளை எழுதியவர் என்று நம்மில் பலருக்குத் தெரியும். படம் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் எழுத்தாளர் ஆவதற்கு நெடுங்காலம் முன்பே அவர் மாயக்கதைப் பித்தர். கடைசிவரை அப்படியே இருந்தார். இந்தக் கட்டுரை அந்த வாசகரைப் பற்றியது.

1898 நவம்பர் 29ஆம் தேதி அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். வீட்டிலும் நண்பர்களிடையேயும் அவர் பெயர் ஜாக். அவருக்கு ஆறு வயதானபோது குடும்பம் ஒரு பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. வழக்கறிஞரான தந்தை, படித்த எந்தப் புத்தகத்தையும் வெளியே போட மாட்டார். அதனால் படிப்பறை, வரவேற்பறை, படுக்கையறை, மாடிப்படித் திருப்பம் என எங்கும் புத்தகங்கள். பரணில் தோள் உயரத்துக்கு அடுக்குகள். இதைத் தொடாதே என்று சொல்ல ஆளில்லை. மழை நாள்களில் வீட்டைச் சுற்றி வந்தாலே ஒரு புதுப் புத்தகம் கிடைத்துவிடும்.

மூன்று வயது மூத்த அண்ணன் வார்னிக்குக் கப்பலும் ரயிலும் பிடிக்கும். தம்பிக்குச் சட்டை போட்ட விலங்குகளும் கவசம் அணிந்த வீரர்களும் பிடிக்கும். அண்ணனின் கற்பனை நாடு இந்தியா. தம்பியின் நாடு விலங்குலகம். இரண்டையும் ஒட்டவைத்து ‘பாக்ஸன்’ என்று பெயரிட்டு, வரைபடமும் வரலாறும் எழுதி விளையாடினார்கள்.

1908இல் தாயார் புற்றுநோயால் இறந்தார். ஜாக்குக்கு அப்போது ஒன்பது வயது. சில வாரங்களில் இங்கிலாந்தில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கொடுமையான பள்ளி அது. அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கிப் பிடித்தவற்றுள் புத்தகமும் ஒன்று. வடநாட்டுப் புராணங்கள், பனி, மங்கிய வானம், இறந்துபோகும் தெய்வங்கள் என ஒரு தனி உலகம் அவரை இழுத்தது. ஆர்தர் ரேக்கம் ஓவியங்களுடன் வந்த ஒரு ஜெர்மானியப் புராணக் கதை நூலுக்காக ஏங்கித் தவித்தார். விலை 15 ஷில்லிங். அண்ணன் பாதிப் பணம் கொடுத்த பிறகே அது கைக்கு வந்தது.

ஆனால் இந்த ஆசையை யாரிடம் சொல்வது? பத்து வயதில் தேவதைக் கதைகளை ஒளித்து வைத்துத்தான் படித்தார். யாராவது பார்த்தால் வெட்கக்கேடு என்ற பயம். இதைப் பிற்காலத்தில் அவரே சிரித்தபடி ஒப்புக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய பிறகு அதே கதைகளை எல்லாரும் பார்க்கப் படித்தாராம். சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவதே சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் கட்சி.

தனிமை உடைந்தது 1914இல். எதிர்வீட்டில் ஆர்தர் கிரீவ்ஸ் என்ற பையன் நோயில் படுத்திருந்தார். வந்து பார்த்தால் மகிழ்வார் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாக் போனார். படுக்கைக்குப் பக்கத்து மேசையில் வடநாட்டுப் புராணங்கள் பற்றிய ஒரு புத்தகம்! உனக்கும் இது பிடிக்குமா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்கள். சற்று நேரத்தில் இருவர் தலைகளும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்திருந்தன. ரயில் நிலையத்தில் வாங்கிய புத்தகத்தைப் பற்றிய கடிதம் போனது இந்த ஆர்தருக்குத்தான். தாளின் தரம், அட்டையின் நிறம், எழுத்தின் அழகு ஆகியவற்றை ரசிக்கவும் ஆர்தரே அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

அந்தக் காலத்தில் ஜாக் பள்ளியில் இல்லை. கிரேட் புக்கம் என்ற சிற்றூரில் கிர்க்பாட்ரிக் என்ற கண்டிப்பான ஆசிரியரின் வீட்டில் தங்கிப் படித்தார். காலை ஒன்பதே காலிலிருந்து ஒரு மணி வரை கிரேக்கமும் லத்தீனும். உணவுக்குப் பின் நடை. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மீண்டும் பாடம். இடையில் தேநீர் வேளை, தனிமை, கையில் புத்தகம். வாழ்நாள் முழுதும் இப்படியே ஓடினால் போதும் என்று பின்னாளில் எழுதினார். சாப்பிடும்போது எதைப் படிப்பது என்பதற்கும் விதி வைத்திருந்தார்: எந்தப் பக்கத்தில் திறந்தாலும் சுவைக்கும் அரட்டைப் புத்தகங்கள் மட்டும். கவிதையைச் சோற்றுத் தட்டோடு சேர்ப்பது அவர் கண்ணில் பெரும் பாவம்.

இப்படிக் கதையில் மூழ்கினால் படிப்பு என்னவாகும்? வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் நம்மில் குறைவு. முதல் உலகப் போரில் காயமடைந்து திரும்பியவர், ஆக்ஸ்ஃபர்டில் மூன்று தேர்வுகளில் முதல் வகுப்பு பெற்றார். 1925 முதல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கேயே ஆசிரியர். பிறகு கேம்பிரிட்ஜில் பேராசிரியர். மாயக்கதை படித்ததால்தான் தேர்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவரைக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் வாசித்த முறை சற்று விநோதமானது. பென்சிலும் பேனாவும் இல்லாமல் பழைய நூல்களைத் தொட மாட்டார். ஒரு பக்க ஓரத்தில் வரைபடம், இன்னொன்றில் குடும்ப மரம், கடைசித் தாளில் தானே தயாரித்த சொல்லடைவு என்று புத்தகத்தைப் பொழுதுபோக்குப் பட்டறை ஆக்கிவிடுவார். ஒரு புதிய நூலைப் படித்தால், அடுத்ததைத் தொடுமுன் ஒரு பழைய நூலைப் படிக்கச் சொல்வார். செய்தித்தாளை மட்டும் அவருக்குப் பிடிக்காது. இதை ஒரு நாளிதழில் எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்வது?

மறுவாசிப்பே அவருக்கு உரைகல். முன்பே படித்துவிட்டேன் என்று சொல்லி ஒரு கதையை ஒதுக்குபவர் அதை உண்மையில் விரும்பவில்லை என்று நினைத்தார். முடிவு தெரிந்த பிறகும் திரும்பப் போக வைப்பது எது? அவர் விடை: கதையின் காற்று. ‘த்ரீ மஸ்கெட்டியர்ஸ்’ அவருக்குப் பிடிக்கவில்லை. வாள்வீச்சு இருக்கிறது, ஆனால் அந்த நாட்டின் மண்ணோ மழையோ வெயிலோ இல்லை என்பது குறை. ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ திரைப்படத்தைப் பார்த்தும் நொந்துபோனார். நாவலில் கதாநாயகர்கள் இறந்த மன்னர்களின் உடல்கள் சூழ்ந்த பாறை அறையில் அடைபட்டு, மெல்ல வரும் சாவுக்குக் காத்திருப்பார்கள். அந்தக் குளிரும் நிசப்தமும்தான் அவருக்கு வேண்டும். படத்திலோ எரிமலை வெடித்தது, நிலமும் நடுங்கியது. பரபரப்பு கூடியது, அவர் தேடியது போய்விட்டது. பிடித்த நாவல் படமாகி வந்த நாளில் நமக்கும் இந்த வயிற்றெரிச்சல் வந்திருக்கும்.

1926இல் ஜே.ஆர்.ஆர். டோல்கினைச் சந்தித்தார். ஐஸ்லாந்துப் பழங்கதைகளை மூலமொழியில் படிக்க டோல்கின் நடத்திய குழுவில் லூயிஸும் சேர்ந்தார். 1929 டிசம்பரில் டோல்கின் தாம் ரகசியமாக எழுதிவந்த நீண்ட கதைப்பாடலை நண்பரிடம் கொடுத்தார். லூயிஸ் இரவெல்லாம் படித்து, மறுநாளே பாராட்டி எழுதினார். பிறகு குறைகளைச் சொல்ல ஒரு குறும்பு செய்தார். அது ஏதோ பழங்காலச் சுவடி போலவும், கற்பனை அறிஞர்கள் சிலர் அதைப் பற்றிச் சண்டையிடுவது போலவும் எழுதிக் கொடுத்தார். டோல்கின் பல இடங்களைத் திருத்திக்கொண்டார்.

‘தி ஹாபிட்’ அச்சாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1933 தொடக்கத்தில், லூயிஸ் அதைப் படித்துவிட்டார். அது பற்றியும் ஆர்தருக்குக் கடிதம் போனது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுத டோல்கினுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அடிக்கடி நின்றுபோனது. அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்டு, அடுத்தது எங்கே என்று நச்சரித்தவர் லூயிஸ். அவர் இல்லையென்றால் முடித்திருக்கவே மாட்டேன் என்பது டோல்கினின் வாக்குமூலம்.

தங்களுக்குப் பிடித்த வகைக் கதைகள் போதவில்லை, நாமே எழுத வேண்டியதுதான் என்று லூயிஸ் ஒருமுறை டோல்கினிடம் சொன்னார். அதன் விளைவு, 1938இல் வந்த அவரது விண்வெளி நாவல். நார்னியாவின் முதல் நூல் 1950இல் வந்தது. பனிக் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஆட்டுக்கால் மனிதனின் உருவம் 16 வயதிலிருந்தே அவர் மனத்தில் இருந்ததாம். கிரேட் புக்கம் காலம் அது. இதில் ஒரு வருத்தமும் உண்டு. டோல்கினின் கதைக்காக அவ்வளவு நச்சரித்தவரின் நார்னியா, டோல்கினுக்குப் பிடிக்கவில்லை.

1963 ஜூலையில் மாரடைப்பு. பேராசிரியர் பணியிலிருந்து விலகி, ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகில் உள்ள வீட்டில் அண்ணன் வார்னியோடு தங்கினார். பழைய புத்தகங்களை மீண்டும் படித்தார். அயர்லாந்துக்குப் போய் ஆர்தரைப் பார்க்கும் திட்டம் கைவிடப்பட்டது. இனி நாம் சந்திக்கப்போவதில்லை என்ற வேதனையோடு செப்டம்பரில் அவருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். நவம்பர் 22ஆம் தேதி, 65 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, லூயிஸ் காலமானார். அதே நாளில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதால், செய்தித்தாள்களில் இந்த மரணம் பெரிதாக இடம்பெறவில்லை.

அவர் எழுதிய கடிதங்களை ஆர்தர் பத்திரமாக வைத்திருந்தார். ஏறக்குறைய 300 கடிதங்கள் 1979இல் நூலாக வெளிவந்தன. ரயில் நிலையத்தில் வாங்கிய அந்தக் கசங்கிய புத்தகத்தைப் பற்றிய கடிதமும் அவற்றில் ஒன்று.