மைதிலிக் குயில் வித்யாபதி

இமயத்தின் அடிவாரத்திற்கும் கங்கைக்கும் இடைப்பட்ட வளநாடு மிதிலை. சீதாபிராட்டியின் பிறந்தகமாக நாம் போற்றும் அந்நாடு இன்று பீகாரிலும் நேப்பாளத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. அங்கு வழங்கும் மைதிலி மொழியின் தலையாய கவிஞர் வித்யாபதி.

14ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இன்றைய மதுபனி மாவட்டத்துப் பிஸ்பி என்னும் சிற்றூரில், அரசவைத் தொடர்புடைய அந்தணர் குடியில் தோன்றினார். தந்தையார் கணபதி தாக்கூர். ‘புருஷ பரீட்சை’ முதலிய வடமொழி நூல்களை இயற்றிய பெரும் பண்டிதர். எனினும் நாட்டுமொழியே எல்லார்க்கும் இனியது என்பது அவர்தம் துணிபு. பண்டிதர் நிறைந்த அவையில் அவ்வாறு எண்ணுவதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

மன்னர் சிவசிம்மர் அவருடைய நண்பர். பிஸ்பி ஊரையே அவருக்கு மானியமாக வழங்கினார். அம்மன்னர் போரில் மறைந்தபின், அரசி லக்கிமா தேவியாருடன் நேப்பாளப் பகுதியில் கவிஞர் தஞ்சம் புகுந்தார். அத்துயர நாள்களில் பாகவதம் முழுவதையும் தம் கைப்பட ஏட்டில் எழுதினார் என்பர்.

ராதை கண்ணன் காதலைப் பாடிய அவர்தம் பாடல்கள் வங்கம் சென்று, சைதன்யரை உருக்கின. வங்கத்தார் அவரைத் தம் நாட்டவராகவே கருதினர். அவர் மிதிலையர் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வாளரால் நிறுவப்பட்டது!

அவர் சிவபெருமான்மீது பாடிய பாடல்கள் ‘நசாரி’, ‘மகேசவாணி’ எனப்படும். பாம்பணிந்து எருதேறி வந்த மாப்பிள்ளையைக் கண்டு உமையின் தாய் கலங்குவதைத் தம் வீட்டுத் துயரமாகவே அவர் பாடினார். மிதிலைப் பெண்டிர், தாமரையும் மூங்கிலும் மீனும் சுவரில் தீட்டிய மணவறையில் அவர்தம் பாடல்களைப் பாடுவர். எழுத்தறியாத அன்னையரின் நாவிலேயே அவை தலைமுறை பல கடந்து வாழ்ந்தன.

ஈசனே உக்னா என்னும் பணியாளாக அவரிடம் இருந்தார் என்பது மரபு. வெயிலில் கவிஞர் தாகத்தால் வாடியபோது உக்னா கொணர்ந்த நீர் கங்கை நீராய்ச் சுவைத்தது. அருகில் ஆறேதும் இல்லை. வற்புறுத்திக் கேட்க, பெருமான் தம் சடையைக் காட்டினார். எவரிடமும் உரைக்கலாகாது என்றும் விதித்தார். பின்னொருநாள் இல்லத்தரசி சினந்து உக்னாவை அடிக்க ஓங்கியபோது, பதறிய கவிஞர் உண்மையைக் கூறிவிட்டார். அக்கணமே ஈசன் மறைந்தார். பிரம்படிபட்ட சொக்கநாதரை அறிந்த நமக்கு இக்கதை அயலானதன்று. உக்னாவைத் தேடி அழுது அவர் பாடியவாறே மிதிலை இன்றும் பாடுகிறது. பவானிபூரில் உக்னா மகாதேவர் கோயிலும் உண்டு.

இறுதிக் காலத்தில் கங்கைக் கரை சேர இயலாது தளர்ந்த அவரை நாடிக் கங்கையே பெருகி வந்தாள் என்பர். அவ்விடம் சமஸ்திபூர் மாவட்டத்து வித்யாபதிநகர். கார்த்திகை வளர்பிறைத் திரயோதசியை அவரது நினைவுநாளாக மைதிலி மக்கள் கொண்டாடுகின்றனர்.