ஆறுகளுக்குத் திட்டம் வகுத்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்ட மேதையாகவும் ஒடுக்கப்பட்டோரின் உரிமைத் தலைவராகவும் நம் இளைஞர் நன்கறிவர். இந்நாட்டின் ஆறுகளுக்குத் திட்டம் வகுத்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார். மழையையும் கண்மாயையும் நம்பி வாழும் கொத்தமங்கலம் வட்டாரத்தார் அறிய வேண்டிய வரலாறு அது.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைமுகாம் நகரில், சுபேதார் இராம்ஜி சக்பாலின் மைந்தராகப் பீமராவ் பிறந்தார். பள்ளியில் தாமே குழாயைத் தொட்டு நீரருந்த அவருக்கு உரிமையில்லை. பணியாள் திறந்துவிட்டால் நீர் உண்டு. அவன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதே.

அந்தப் பிள்ளை அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பொருளாதாரம் பயின்றார். 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். துண்டு நிலங்களை ஒன்றிணைப்பதால் மட்டும் வேளாண்மை உயராது. மூலதனமும் கருவிகளும் வேண்டும். நிலத்தையே நம்பிக் கிடக்கும் மிகுதியான மக்களுக்குத் தொழில்கள் வேண்டும் என்று அதில் காட்டினார். 1927 மார்ச் 20இல் மகாட் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் நீர் பருகி, பொதுநீரில் அனைவர்க்கும் உள்ள உரிமையை நிலைநாட்டினார்.

1942 சூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரானார். பாசனமும் மின்சாரமும் அவர் துறையில் அடங்கின. மறு ஆண்டு தாமோதர் ஆறு கரையுடைத்துப் பெருகி வங்காளத்தில் பேரழிவு செய்தது. கரையை உயர்த்துவதே அதுவரை கண்ட மருந்து. ஆனால் கரைக்குள் அடைபட்ட ஆறு வண்டல் படிந்து மேடேறும். பின்னர் உடைப்பெடுத்தால் சேதம் முன்னிலும் பெரிதாகும்.

அண்ணல் வேறு வழி கண்டார். வெள்ளத்தைக் கடலுக்கு விரட்ட வேண்டிய பகையாக அவர் கருதவில்லை. தேக்கிக் காக்க வேண்டிய செல்வமாகக் கருதினார். மேற்பகுதியில் நீரைத் தேக்கினால் கீழ்ப்பகுதி வெள்ளத்திற்குத் தப்பும், அந்நீரே வயலுக்குப் பாயும், மின்சாரமும் தரும். இதற்கு மாகாண எல்லைகளைக் கடந்து ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்றார். அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கில் 1933 முதல் நடந்த பணி இதற்கு வழிகாட்டியது.

1945இல் கல்கத்தாவில் மத்திய, மாகாண அரசுகளின் பேராளர்களைக் கூட்டித் தாமோதர் திட்டத்தையும், கட்டாக்கில் மகாநதித் திட்டத்தையும் ஆராய்ந்தார். அவ்வாண்டே மத்திய நீர்வழி, பாசனப் போக்குவரத்து ஆணையம் அமைந்தது; இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அதுவே. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது. 1953 முதல் 1959 வரை தில்லையா, கோனார், மைதான், பஞ்சேத் அணைகள் எழுந்தன. மகாநதியின் ஹிராகுட் அணை 1957இல் திறக்கப்பட்டது. அவ்வணையால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊரிழந்ததையும் மறத்தலாகாது.

நீர் மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்பதை அண்ணல் அறிந்திருந்தார். 1947இல் அவர் வரைந்த திட்டத்தில், நிலத்தை அரசே உடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றி ஊர்மக்களுக்குக் குத்தகைக்கு விடவும், நீர், கருவி, விதை, எரு ஆகியவற்றை வழங்கவும் கோரினார். அக்கோரிக்கை நிறைவேறவில்லை. மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்ப் பூசல்களைத் தீர்க்க வழிசெய்யும் 262ஆம் விதியோ அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்வழி வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1956 திசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார்.

இளைஞர்களே! நம் சீமையில் ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்தால் அடுத்த கண்மாய் நிறையும். இடையிலுள்ள வரத்துக்கால் தூர்ந்தால் மேலூர் வயல் நீரில் அழுகும். கீழூர் வயல் காயும். எல்லா ஊர்களும் சேர்ந்து காத்தாலன்றி எந்த ஊரும் வாழாது. அண்ணல் பேராறுகளுக்குச் சொன்னதும் இதுவே. பல ஊர்களில் மடை திறந்து, வயல்தோறும் நீர் பாய்ச்சி, இரவெல்லாம் கரை காத்தவர்கள் நம் முன்னோர். அவர்களுள் பலருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. அவர்கள் கையில் இருந்த நீரறிவை நீங்கள் பொறியியலாகவும் வேளாண் கல்வியாகவும் வளர்த்தல் வேண்டும். நீரைப் பங்கிடும் அவையில் கைகட்டி நிற்காமல், கணக்கறிந்து அமர்ந்து பேசுதல் வேண்டும். அண்ணல் நமக்கு விட்டுச்சென்ற பணி அதுவேயாகும்.