அழுத்தம் அறிந்த மேதை ஜோசப் பிராமா



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்ம கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமா என்ன? ஆகவே நான் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதத் துணிந்தேன். அவரிடம் என்னை அழைத்துப் போனது ஒரு சின்னக் கருவி. அதுதான் டியூப் கட்டர்.

விடுமுறையில் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் கடைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் இந்தக் கருவியை முதன்முதலாகக் கையில் பிடித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். ஒரு பக்கம் கூரான சின்னச் சக்கரம், எதிரே இரண்டு உருளைகள், பின்னால் ஒரு திருகு. அவ்வளவுதான்! காப்பர் டியூபை நடுவில் வைத்து, சக்கரம் டியூபைத் தொடும் வரை திருகை முடுக்கி, கருவியைச் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று சுற்றியதும் திருகில் கால் திருப்பு. மறுபடி ஒரு சுற்று, மறுபடி கால் திருப்பு. இப்படியே போனால் டியூப் இரண்டு துண்டாகக் கையோடு வந்துவிடும். ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்தால் பொடி உதிரும். அந்தப் பொடி உள்ளே போனால் கம்ப்ரஸர் காலி! டியூப் கட்டர் அறுப்பதில்லை, அழுத்தியே வெட்டுகிறது. அதனால் பொடி கிடையாது. உள்விளிம்பில் மடங்கி நிற்கும் பிசிரை மட்டும் ரீமர் வைத்து எடுத்துவிட வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சீக்கிரம் முடிக்கிறேன் பேர்வழி என்று ஒரே முடுக்காக முடுக்கினேன். டியூப் நசுங்கிப் போச்சு! கடை அண்ணன் திட்டவில்லை. மெதுவாக, அளவாக அழுத்தம் கொடு, செம்பு தானா வழிவிடும் என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் மனசில் தங்கிவிட்டது.

இப்படித் தையல் இல்லாமல், மேடு பள்ளம் இல்லாமல், ஒரே சீராகக் குழாய் செய்ய முதலில் யார் யோசித்தது என்று நூலகத்தில் தேடினேன். கிடைத்த பெயர் ஜோசப் பிராமா. அட, இது நமக்குத் தெரிந்த பேராச்சே! ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பிராமா பிரஸ் என்று இன்னொரு பெயர் இருக்கிறதே, அந்தப் பிராமாவேதான்! இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த பெயருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறதா என்று வியந்து போனேன்.

கால் போனால் என்ன, கை இருக்கிறது!

இங்கிலாந்து நாட்டில் யார்க்‌ஷயர் பகுதியில் பார்ன்ஸ்லி என்ற ஊருக்கு அருகே 1748ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார் பிராமா. அப்பாவோடு ஏர் பிடிக்க வேண்டிய பையன். பதினாறு வயதில் காலில் பலத்த அடிபட்டு வயல் வேலைக்கு லாயக்கில்லை என்றாகிவிட்டது. வேறு வழியில்லாமல் தச்சரிடம் வேலை பழக விட்டார்கள். அந்த அடி மட்டும் படாமல் இருந்திருந்தால், ஒரு நல்ல விவசாயி கிடைத்திருப்பார், உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும்!

தொழில் பழகியதும் லண்டனுக்குப் போய் மரச் சாமான்கள் செய்யும் வேலையில் சேர்ந்தார். பணக்காரர் வீடுகளில் தண்ணீர் ஊற்றும் கழிவறைகள் பொருத்துகிற வேலையும் அவருக்கு வந்தது. நண்பர்களே, சிரிக்காதீர்கள்! பெரிய பெரிய கண்டுபிடிப்பாளர் பிழைப்பைத் தொடங்கிய இடம் கழிவறைதான். அலெக்சாண்டர் கமிங் என்பவர் 1775இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதில் வழுக்கிச் செல்லும் வால்வு குளிர் காலத்தில் உறைந்துபோய் மாட்டிக்கொண்டது. பொருத்தப் போன பிராமா சும்மா திரும்பி வரவில்லை. ஏன் மாட்டுகிறது என்று யோசித்து, கீல் வைத்த மூடி ஒன்றைப் பொருத்திச் சரிசெய்தார். 1778இல் அவருக்கே ஒரு காப்புரிமை கிடைத்தது. ஒரு வேலையாளாக உள்ளே போனவர், ஒரு தொழிலதிபராக வெளியே வந்தார்!

திறக்க முடியாத பூட்டு

அடுத்து பூட்டு. 1784இல் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்பு லண்டன் பிக்காடிலியில் இருந்த தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்தார். இதை யார் திறந்து காட்டினாலும் 200 கினி பரிசு என்று சவால் விட்டார். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பூட்டு அங்கேயே கிடந்தது! கடைசியில் 1851இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் பாடுபட்டுத் திறந்தார். அதற்குள் பிராமா காலமாகி 37 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பதினெட்டு வயதுப் பையன்

பூட்டு பிரமாதம்தான். ஆனால் அதன் பாகங்களைத் துல்லியமாக, நிறையச் செய்ய ஆள் வேண்டுமே! அப்போது, 1789இல், பிராமாவின் பட்டறைக்கு வந்தார் ஹென்றி மாட்ஸ்லே. வயது 18. நம் வயசுதான்! பன்னிரண்டு வயதிலேயே வுல்விச் ஆயுதக் கிடங்கில் தோட்டாக்களுக்கு மருந்து அடைக்கும் வேலைக்குப் போனவர். பள்ளிப் படிப்பு பெரிதாகக் கிடையாது. ஏழு வருஷம் முறைப்படி தொழில் பழகிய சான்றும் இல்லை. இவனை எப்படிச் சேர்ப்பது என்று பட்டறையில் தயங்கினார்களாம். அங்கே கிடந்த ஒரு தேய்ந்துபோன பெஞ்ச் வைஸைக் கொடுத்து, மாலை ஆறு மணிக்குள் சரிசெய்யச் சொன்னார்கள் என்றும், பையன் அதற்கு முன்பே புதுசு போல முடித்து வைத்துவிட்டான் என்றும் சொல்வார்கள். வைஸ் ஜாவைத் தட்டிச் சரிபண்ணி அலுத்துப்போன நமக்குத்தான் தெரியும் அதன் அருமை!

சான்றிதழைப் பார்க்காமல் கையைப் பார்த்து வேலை கொடுத்தார் பிராமா. அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். சீக்கிரமே அந்தப் பையனை ஃபோர்மேனாகவும் உயர்த்தினார்.

அழுத்தத்தின் வெற்றி

1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை. அடைத்து வைத்த திரவத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் முந்தைய நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். சின்ன பிஸ்டனில் சின்ன விசை கொடுத்தால், பெரிய பிஸ்டனில் பெரிய விசை கிடைக்கும். கொள்கை சரி. செய்து பார்த்தால் தண்ணீர் ஒழுகுகிறது! பிஸ்டனைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகர மாட்டேன் என்கிறது, தளர்த்தினால் ஒழுகுகிறது. இதற்கு வழி சொன்னதும் மாட்ஸ்லேதான் என்று சொல்லப்படுகிறது. கிண்ணம் போல வளைத்த தோல் வளையம் ஒன்றை வைத்தார். தண்ணீரின் அழுத்தமே அந்தத் தோலை விரித்து ஒழுக்கை அடைக்கும். அழுத்தம் குறைந்தால் தோலும் தளரும். எப்படி மூளை பாருங்கள்! இன்றைக்குக் கார் சர்வீஸ் நிலையத்தில் வண்டியைத் தூக்குவதும், ஜே.சி.பி.யின் கை மண்ணை அள்ளுவதும் இதே தத்துவத்தில்தான்.

அடுத்து வருகிறது நம்ம குழாய். அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாய் என்றால் பெரும்பாலும் காரீயம். தகட்டை உருளையில் சுற்றி வளைத்து, ஓரங்களைச் சேர்த்துப் பற்ற வைப்பார்கள். சேர்த்த இடம் புடைத்து நிற்கும், ஒழுகவும் செய்யும். 1797இல் பிராமா ஒரு புது வழிக்குக் காப்புரிமை பெற்றார். உருக்கிய காரீயத்தைப் பம்பு மூலம் அழுத்தி, நடுவில் தண்டு வைத்த அச்சின் வழியே தள்ள வேண்டும். அது இறுகியபடியே தையல் இல்லாத குழாயாக வெளியே வரும். நம் வீட்டு இடியாப்பக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஓட்டை உள்ள இடியாப்பம்! நாம் எக்ஸ்ட்ரூஷன் என்று படிக்கிற முறைக்கு முன்னோடி இதுதான். 1820இல் தாமஸ் பர் என்பவர் ஹைட்ராலிக் பிரஸ்ஸையே வைத்துக் காரீயக் குழாய் பிதுக்கினார். 1894இல் அலெக்சாண்டர் டிக் என்பவர் பித்தளை போன்ற செம்புக் கலவைகளுக்கும் அதைக் கொண்டுவந்தார். காரீயம் உடம்புக்கு விஷம் என்பதால் குடிநீருக்கு அது ஆகாது என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அழுத்திக் குழாய் செய்யும் யோசனை நிலைத்துவிட்டது. டியூப் கட்டரைக் கண்டுபிடித்தவர் பிராமா அல்ல. ஆனால் புடைப்பில்லாத, சீரான குழாய் இல்லாவிட்டால் அந்தச் சின்னச் சக்கரம் எதன் மேல் உருளும்?

ஒரே ஒரு தவறு

இப்போது வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். அதே 1797ஆம் ஆண்டுதான் மாட்ஸ்லே பிராமாவை விட்டுப் போனார். கல்யாணமாகிக் குடும்பம் பெருகிவிட்டது. வாரம் 30 ஷில்லிங் சம்பளம் போதவில்லை. கொஞ்சம் கூட்டித் தரக் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றியது. காரணம் என் அப்பா. அவர் தினக்கூலிக்குப் பிளம்பர் வேலை செய்கிறவர். ஒரு தடவை, பல வருஷமாக வேலை கொடுத்த ஒரு கான்ட்ராக்டரிடம் கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பதில் வந்தது. அன்று ராத்திரி அப்பா டை செட்டைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்ததை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் டிப்ளமோ சேர்ந்ததற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம்.

மாட்ஸ்லே படுத்துவிடவில்லை. சொந்தப் பட்டறை போட்டார். கையால் உளியைப் பிடித்துக் கடைவதற்குப் பதிலாக, ஸ்லைடு ரெஸ்ட் பொருத்திய லேத்தில் திருகுகளைத் துல்லியமாக வெட்டிக் காட்டினார். அதுவரை பெரும்பாலும் ஒரு போல்ட்டுக்குச் செய்த நட்டு இன்னொரு போல்ட்டில் ஏறாது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் எல்லாத் திருகுக்கும் ஒரே அளவு முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. நம்ம ஊரில் ஜி.ஐ. பைப்புக்குப் போடும் மரை இன்றும் அந்த 55 டிகிரிதான்! நீராவிச் சம்மட்டி புகழ் நாஸ்மித்தும் மாட்ஸ்லேயிடம் பழகியவரே.

டியூப் கட்டரை மறுபடி கையில் எடுத்துப் பாருங்கள் நண்பர்களே! உள்ளே வைக்கிற தையல் இல்லாத குழாய் பிராமாவின் யோசனை. பின்னால் முடுக்குகிற துல்லியமான திருகு மாட்ஸ்லேயின் உழைப்பு. பிரிந்துபோன முதலாளியும் தொழிலாளியும் அந்தச் சின்னக் கருவிக்குள் இன்னும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்! தண்ணீருக்கும் காரீயத்துக்கும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்று அறிந்த மேதைக்கு, ஒரு மனிதனை எவ்வளவு அழுத்தலாம் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

இறுதிக் காலம்

பிராமா ஓய்ந்துவிடவில்லை. 1802இல் மரம் இழைக்கும் இயந்திரம், 1806இல் இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளுக்கு எண் அச்சிடும் இயந்திரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். 1814இல் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹோல்ட் காட்டில் தன் ஹைட்ராலிக் இயந்திரத்தால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை நேரில் நின்று மேற்பார்த்தார். அங்கே பிடித்த குளிர் நிமோனியாவாக முற்றி, அந்த ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி காலமானார். அறுபத்தாறு வயதிலும் வேலை நடக்கும் இடத்தில் நின்ற மனிதர் அவர் என்றால் மிகையாகாது.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பூட்டுக்கும் பிரஸ்ஸுக்கும் தலையாட்டிக் கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தப் பையன் அப்புறம் நல்லா இருந்தானா என்று. நல்லா இருந்தாருப்பா, நூற்றுக்கணக்கானவங்களுக்கு வேலை கொடுத்தாரு என்றேன். அப்பா சிரித்தார்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் முதலாளியும் ஆவோம். அன்று பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சான்றிதழ் இல்லாமல் வாசலில் வந்து நிற்பான். பிராமாவைப் போல அவன் கையைப் பார்த்து வேலை கொடுப்போம். எட்டு வருஷம் கழித்து அவன் கூலி கூட்டிக் கேட்பான். அன்று பிராமாவைப் போல இருக்க வேண்டாம்! ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு போதும். குழாயும் நசுங்காது, மனிதனும் நசுங்க மாட்டான்.



- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை