மதுரை வீரனுக்கு அரச இரத்தம் எதற்கு?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு அன்றாடம் வேலைக்குச் செல்லும் அருந்ததியர் பலருக்குக் குலதெய்வம் மதுரை வீரன். வாளேந்திய அச்சிலைக்குப் பின்னால் ஒரு போர்வீரரின் வாழ்வு உள்ளது. அதனை நமக்குத் தருவது கல்வெட்டன்று, கதைப்பாடல். அது அவரைத் திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தவராகக் காட்டுகிறது.

கதைப்பாடலின்படி அவர் காசி மன்னரின் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்குக் கேடு எனச் சோதிடர் கூற, காட்டில் விடப்பட்டார். எடுத்து வளர்த்தோர் சின்னான், செல்லி என்னும் அருந்ததிய இணையர். வளர்ப்புத் தந்தைக்கு மாற்றாக, பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்தித் தங்கிய குடிசைக்குக் காவல் நின்றார். காதல் கொண்ட இருவரும் ஊரைவிட்டு வெளியேறினர். படையுடன் துரத்திய பொம்மண்ணர் போரில் மாண்டார். திருச்சி மன்னர் வீரனைத் தண்டிக்காமல் படைப்பொறுப்பில் அமர்த்தினார். பின்னர் கள்வரை அடக்க மதுரை அழைத்தது. அதையும் செய்து முடித்தார்.

அதே மதுரையில் அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளை நாடி இரவில் சென்றவர் பிடிபட்டார். முறையான விசாரணை இல்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டன. அவர் இறந்தபின் மன்னரே மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் அவருக்கு இடமளித்தார் என்கிறது கதை. அவரை வழிபட்ட மக்கள் அக்கோயிலுக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காசிப் பிறப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என அருந்ததியர் தரப்பு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். நாமும் அவ்வாறே கருதுகிறோம். அந்தச் சேர்க்கை இரண்டு வேலைகளைச் செய்கிறது. காவல், வாள்வீச்சு, படை நடத்தும் திறன் அனைத்தையும் சேரியிடமிருந்து பறித்து அரச இரத்தத்தின் கணக்கில் எழுதுகிறது. பொம்மியுடனான மணத்தைச் சாதி மறுப்பு மணமே அன்று என்றும் ஆக்கிவிடுகிறது.

இது பழங்கதை மட்டுமன்று. திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்காக எவரும் அரச பிறப்பைக் கற்பிக்கவில்லை, கற்பிக்கத் தேவையுமில்லை. ஒருவரின் திறமைக்கும் காதலுக்கும் பிறப்புச் சான்று கேட்கும் வழக்கமே ஒழிய வேண்டும். வீரனின் கதையிலிருந்து காசி மன்னரை நீக்கினால் அவர் வீரத்தில் எதுவும் குறையாது. சின்னானும் செல்லியும் தம் மகனைத் திரும்பப் பெறுவர்.