ஊதியமும் உறுதியும்: ஆறுமுக நாவலர் வாழ்வு காட்டும் நெறி

உலகத் தொழிலைத் துறந்து சிவத்தொண்டு செய்வோர் சிலர். தொழிலிலே நின்றுகொண்டு தொண்டு செய்ய வேண்டியவர் பலர். பிறரிடம் ஊதியம் பெறும் ஒருவர், ஊதியம் தருவோருக்கும் உண்மையாக இருந்து, தம் சமயத்திற்கும் உண்மையாக இருத்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராகத் தோன்றினார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் முதலிய பெரும் புலவர்களிடம் தமிழ் பயின்றார். ஆங்கிலம் கற்கும் பொருட்டு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். அவருடைய புலமையைக் கண்ட தலைவர் பேர்சிவல் பாதிரியார், அப்பாடசாலையிலேயே அவரை ஆசிரியராக அமர்த்தினார். அப்பொழுது நாவலருக்கு வயது இருபதளவே.

அக்காலத்து நிலையை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலக் கல்வி மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. உத்தியோகத்திற்கு அக்கல்வியே வாயில். உத்தியோகத்தின் பொருட்டு மதம் மாறினோரும், புறத்தே ஒன்றும் அகத்தே ஒன்றுமாக வாழ்ந்தோரும் உண்டு. இத்தகைய சூழலில் நாவலர் சைவராகவே அப்பாடசாலையிற் பணி புரிந்தார்.

பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் நாவலரின் துணையை நாடினார். தாம் தழுவாத சமயத்தின் நூல்தானே என்று அவர் அதனை அரைமனத்தோடு செய்யவில்லை. ஏற்ற பணியைத் தம் புலமை முழுவதும் கொண்டு பல ஆண்டுகள் செய்தார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டு சென்றபொழுது, அதனை ஆராய்ந்த மகாலிங்கையர் அதன் தமிழ்நடையைப் பாராட்டினார். ஆயினும், நாவலர் கொடுத்தது தமிழறிவை, நெஞ்சை அன்று. நெஞ்சு சிவபெருமான் திருவடிக்கே உரியதாயிருந்தது.

பகலிற் பாடசாலைப் பணி. ஓய்வு வேளையிற் சைவ நூலாராய்ச்சி. இவ்வாறு சென்ற வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது, மக்கள் திரண்டனர். மிஷன் பாடசாலையின் ஆசிரியரே சைவத்தின் குரலாக ஒலித்தார். இரண்டு கடமைகளும் ஒரு கையில் இனி நில்லா என்பது தெளிவாயிற்று.

1848ஆம் ஆண்டு நாவலர் ஆசிரியப் பணியை விட்டு நீங்கினார். ஊதியத்தை உயர்த்தித் தருவதாகக் கூறிப் பேர்சிவல் பாதிரியார் தடுத்தார் என்றும், நாவலர் இணங்கவில்லை என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். பாதிரியார் தம்மை மதித்தவர், ஆங்கிலம் கற்பித்தவர். அத்தகையவர் அன்போடு வேண்டும்பொழுது மறுப்பது, பகைவர் அச்சுறுத்தும்பொழுது எதிர்ப்பதினும் கடினமன்றோ?

அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். திருமணமும் செய்துகொள்ளாது தம் வாழ்நாளை அப்பணிக்கே ஈந்தார். 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழ்நாடு சென்றபொழுது, திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய பிரசங்கத் திறனைக் கண்டு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. பாலபாடமும் பெரியபுராண வசனமும் அவர் முயற்சியால் வெளிவந்தன. 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. வகுப்பு முறை, அச்சு நூல், எளிய வசனநடை, மேடைப் பிரசங்கம் ஆகிய இவற்றின் ஆற்றலை மிஷன் பணியிற் கண்டறிந்தவர், அவற்றையெல்லாம் சைவத்தின் கருவிகளாக்கினார்.

அவருடைய உறுதி பிறர் சமயத்தாரிடம் மட்டும் காட்டியதன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்திற்கு ஒவ்வாதன நடப்பதாகக் கருதியபொழுது, சொந்த ஊராரின் மனத்தாங்கலுக்கும் அஞ்சாது கண்டித்தார். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க முன்னின்றார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் எய்தினார். கார்த்திகை மகத்தில் அவருடைய குருபூசை நிகழ்கின்றது.

அலுவலகத்திலும் ஆலையிலும் வாணிகத்திலும் உழைத்து ஈட்டிய பொருளை இத்திருப்பணிக்கு வழங்கிய அன்பர்கள், நாவலர் பெருமானை ஒருகணம் நினைத்தல் தகும். ஏற்ற தொழிலைப் பழுதறச் செய்க. தொழிலின் பெயரால் மனச்சான்றை விலை கேட்கும் நாள் வந்தால், பகையின்றி, பழியின்றி விலகி நிற்கும் திண்மை பெறுக. அத்திண்மை வாய்ந்தோர் ஈட்டும் பொருளே திருக்கோயிலுக்கு அணியாகும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.